உளப்பகுப்பாய்வுக் கொள்கையை ஆலோசனை அறையில் கையாளுவது எப்படி: வேலூர்ப் பகுதி ஆலோசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கங்களில் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் மனக்கவலை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைபாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் மரத்துப்போதல், தூக்கமின்மை என்று உடம்பில் தொடங்கி, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வரைக்கும் எடுத்து, "எல்லாம் நார்மல்னுட்டாங்க" என்று சொல்லி அந்தத் தாள்களை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார்கள். மனம் தானே அறியாமல் மறைத்து வைத்திருப்பதைப் பேச்சின் வழியே தேடும் உளப்பகுப்பாய்வு பிறந்ததும் இப்படிப்பட்ட உடல் தொல்லைகளிலிருந்துதான். உடலில் காரணம் காண முடியாத கை கால் செயலிழப்பு, இருமல், பேச்சு நின்றுபோதல் ஆகியவற்றோடு வந்த வியன்னா நகரத்துப் பெண்களைப் பற்றி மருத்துவர்களான யோசப் புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895இல் சேர்ந்து எழுதியதே அதன் தொடக்கம். ஆகவே இது மேல்நாட்டுப் படித்தவர்களுக்கு மட்டும் உரியது, பீடி சுற்றுகிறவருக்கும் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கும் பொருந்தாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் படித்ததை அப்படியே அறைக்குள் கொண்டுவந்து இறக்குவதால் கெடுதலே விளையும். இக்கொள்கையின் இடம் ஆலோசகர் கேட்கும் விதத்தில் இருக்கிறது. வருகிறவரிடம் அதைப் பேசிக் காட்ட வேண்டிய தேவை ஏறக்குறைய எப்போதுமே இல்லை. கேட்பதில் அதை எப்படிக் கையாளுவது என்பதையே இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகளில் வருகிறவர்கள் உண்மையான தனிநபர்கள் அல்லர். பலரிடம் காணும் தன்மைகளைச் சேர்த்து அமைக்கப்பட்டவர்கள்.

எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது

முறையான உளப்பகுப்பாய்வு என்பது வாரத்துக்கு நான்கைந்து நாள் வீதம் ஆண்டுக்கணக்கில், தாமும் அந்தப் பகுப்பாய்வுக்கு உட்பட்டுப் பயிற்சி பெற்ற ஒருவரால் நடத்தப்படுவது. நம்மிடம் வருகிறவரோ பேருந்து பிடித்து, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை வருகிறவர். ஆறு முதல் பன்னிரண்டு அமர்வுகள் கிடைத்தாலே பெரிது. எனவே நாம் செய்வது உளப்பகுப்பாய்வு அன்று என்பதை முதலில் நமக்கு நாமே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிராய்டு நோயாளியைப் படுக்க வைத்த படுக்கை வேண்டாம், நாற்காலி போதும். குழந்தைப் பருவம் முழுவதையும் தோண்டி எடுக்கும் வேலையும் வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அறிகுறிக்கு ஒரு பொருள் இருக்கக்கூடும் என்பது ஒன்று. தாங்க முடியாத உணர்வை மனம் தானே அறியாமல் மறைத்து வைக்கிறது என்பது மற்றொன்று. பழைய உறவுகளில் பழகிய முறையையே ஒருவர் ஆலோசகரிடமும் நடத்திக் காட்டுகிறார் என்பதும், அப்போது ஆலோசகருக்குள் எழும் உணர்வும் ஒரு செய்திதான் என்பதும் மீதி. விட வேண்டியவற்றில் முதன்மையானது பெயர் சூட்டும் பழக்கம். தாயிடம் ஒட்டுதலாக இருக்கும் மகனைக் கண்டவுடன் "ஈடிபஸ்" (தாய்மேல் ஆசையும் தந்தைமேல் போட்டியும் என்று பிராய்டு சொன்ன சிக்கல்) என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டால் அதற்குமேல் அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடும்.

கொள்கையை இந்த மண்ணில் சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு என்பதற்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், தம்மிடம் வரும் இந்திய நோயாளிகளிடம் காயடிப்பு அச்சம் (ஆண்குறியை இழந்துவிடுவோமோ என்று சிறுவயதில் எழுவதாகப் பிராய்டு சொன்ன பயம்) ஐரோப்பியரிடம் காணும் அளவுக்குத் தெளிவாகத் தென்படவில்லை என்று 1929இல் பிராய்டுக்கே எழுதினார். கொள்கையை உருவாக்கியவரிடமே அப்படி எழுதியவரின் துணிவு நமக்கும் கொஞ்சம் வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

உடல் நோய்க்கான பரிசோதனை உண்மையிலேயே முடிந்ததா என்று பாருங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். காதில் குரல் கேட்கிறது, தன்னைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறவருக்கும், குடியை நிறுத்தி ஓரிரு நாளில் கை நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கும் இந்த முறை உதவாது; அவர்கள் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். நள்ளிரவில் நெருக்கடி வந்தால் அழைப்பதற்கு டெலி மானஸ் உதவி எண் 14416ஐயும் தமிழ்நாட்டின் 104ஐயும் முதல் அமர்விலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

நேரம், இடம், உடன் வருகிறவர்கள்

அமர்வின் நேரம், கிழமை, கட்டணம், விடுப்பு ஆகியவற்றை மாற்றாமல் வைத்திருப்பதை உளப்பகுப்பாய்வு மரபு மிகவும் வலியுறுத்துகிறது. அது வெறும் ஒழுங்குக்காக மட்டும் அன்று; சட்டகம் அசையாமல் இருந்தால்தான் அதற்குள் வருகிறவர் செய்யும் அசைவு நம் கண்ணில் படும். நீங்களே ஒருநாள் நாற்பது நிமிடமும் மறுநாள் ஒன்றரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தால், அவர் தாமதமாக வந்ததற்கு எந்தப் பொருளும் காண முடியாது. ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஐம்பதாவது நிமிடத்தில் முடியுங்கள்.

அதேசமயம் வராமல் போன ஒவ்வொரு நாளையும் "எதிர்ப்பு" (சிகிச்சையை மனம் தானறியாமல் தடுப்பது) என்று கணக்கில் எழுதக் கூடாது. வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் வாரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். நோன்பு மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதியினருக்கு மாலை அமர்வு ஒத்துவராது. முகூர்த்த நாள்களும் அப்படித்தான். இவற்றை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வைத்தால், இவற்றுக்கு வெளியே நிகழும் விடுப்பு, குறிப்பாக முந்திய வாரம் முக்கியமான ஒன்றைப் பேசிவிட்டுப் போனபின் நிகழும் விடுப்பு, தனியாகத் தெரியும்.

குடும்பத்தாரை வெளியே நிறுத்துவது இங்கே எளிதன்று. நிறுத்த வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்குவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிடத்தை உடன் வந்தவர்களோடு சேர்ந்து உட்காருவதற்கு ஒதுக்குங்கள். யார் முதலில் பேசுகிறார், வந்தவரைக் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்கிறார், அப்போது வந்தவர் எங்கே பார்க்கிறார் என்பதெல்லாம் பத்து அமர்வில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத செய்திகள். அதன்பின் தனியே பேச வேண்டும் என்பதை வேண்டுகோளாக வைக்காமல் வழக்கமாகச் சொல்லுங்கள்: "எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுறது இங்க வழக்கம்மா, நீங்க வெளியில உக்காருங்க." தனியே பேசியதை வெளியே சொல்லமாட்டோம் என்பதை அந்த அம்மாவின் காதிலும் விழும்படிச் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இரகசியக் காப்பை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சட்டம் சொல்லும் சில நிலைகளில் அது தளரும். குழந்தைமேல் பாலியல் வன்முறை நடந்ததாகத் தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் முதலிலேயே கூறிவிடுவது நேர்மை.

கேட்பது

எதையும் தனியாகக் குறிவைக்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவனம் கொடுத்துக் கேட்கும்படி 1912இல் பிராய்டு மருத்துவர்களுக்குக் கூறினார். அமர்வின்போதே விரிவாகக் குறிப்பெடுக்க வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான்; எழுதத் தொடங்கினால் எதை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கிறோம், தேர்ந்தெடுக்கும்போதே நாம் எதிர்பார்ப்பதை மட்டும் கேட்கத் தொடங்குகிறோம். ஆகவே பேனாவை மூடி வையுங்கள். அவர் போனபின் பத்து நிமிடம் ஒதுக்கி, அவர் சொன்ன சொற்களை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். பொருள் காண்பதைவிட வரிசை முக்கியம். மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தண்ணீர் வரவில்லை என்று தெருக்குழாய்க்குத் தாவினால், அந்தத் தாவலுக்கு முந்திய வாக்கியத்தைக் கோடிட்டு வையுங்கள்.

கதையில் யார் வரவேயில்லை என்பதையும் கவனியுங்கள். மூன்று அமர்வு பேசியும் தந்தையைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அதுவும் ஒரு பேச்சுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்று, "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன் மேடம்" என்று தொடங்குவது பெரும்பாலும் மறந்த செய்தியாக இருக்காது. அப்போது மறுபடி உட்கார வைக்காமல், "இது முக்கியமான விஷயம், அடுத்த வாரம் இதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த வாரம் அவர் மறந்தாலும் நீங்கள் மறவாதீர்கள்.

கேட்கும் முறைக்குக் கொள்கை எப்படிக் கைகொடுக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் வருகிறார். பீடி சுற்றுகிறவர். முறத்தை மடியில் வைத்தால் கை ஓடவில்லை, ஆயிரம் பீடி சுற்றிய இடத்தில் ஐந்நூறைத் தாண்டவில்லை என்பது அவர் சொல்லும் குறை. அதோடு தன்னைத் தானே திட்டிக்கொள்கிறார்: "புள்ளைங்களப் பத்தி ஒரு நெனப்பு கெடையாது எனக்கு. நான் நல்லா இருந்தா போதும்னு கீறேன். என்னால யாருக்கு இன்னா பிரயோஜனம்?" அவருடைய ஒருநாள் எப்படிப் போகிறது என்று கேட்டால், விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது, மூன்று பிள்ளைகளுக்கும் சமைத்துக் கட்டிக்கொடுப்பது, மாமனாருக்கு மாத்திரை எடுத்து வைப்பது என்று ஒரு நிமிட ஓய்வில்லாத நாள் அது. அவர் தன்னைத் திட்டிக்கொள்வதும் அவருடைய நாளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

துயரத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி 1917இல் வெளியிட்ட கட்டுரையில் பிராய்டு சொன்ன ஒரு நுட்பம் இங்கே உதவுகிறது. துயரத்தில் உலகம் வெறுமையாகிறது. மனச்சோர்விலோ தானே வெறுமையானதாக ஒருவர் உணர்கிறார். மனச்சோர்வுள்ளவர் தம்மேல் சுமத்திக்கொள்ளும் குற்றச்சாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டால், அவற்றில் பல அவருக்குப் பொருந்தாமல், அவர் நேசிக்கும் அல்லது நேசித்த வேறொருவருக்குப் பொருந்துவதைக் காணலாம் என்கிறார். இந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு உங்கள் கணவர்மேல்தான் கோபம்" என்று சொன்னால் அந்தப் பெண் எழுந்து போய்விடுவார்; போவதும் நியாயமே. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்:

"காலைல நாலு மணிக்கு எழுந்து மூணு பேருக்கும் கட்டிக் குடுக்கிறவங்க, புள்ளைங்க நெனப்பே இல்லன்னு சொல்றீங்க. எனக்கு அது ஒத்துப்போகலம்மா. இந்த வார்த்தைய முதல்ல யாரு சொன்னது?"

அவர் சற்று நேரம் முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறார். பிறகு, "அவரு நல்லவருதாங்க" என்கிறார்.

கணவரைப் பற்றி நாம் எதுவும் கேட்கவேயில்லை. கேட்காமலே வந்த அந்தச் சான்றிதழ்தான் இந்த அமர்வின் முக்கியமான வாக்கியம். மறுப்பின் வடிவத்தில் ஓர் எண்ணம் முதன்முதலாக வெளியே வர முடியும் என்பது பிராய்டு 1925இல் எழுதியது. அடுத்த இரண்டு அமர்வுகளில், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன கணவர் எட்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்பதும், அதை இந்தப் பெண் வீட்டில் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை என்பதும் தானாக வெளிவரலாம். வராமலும் போகலாம். அவசரப்படுத்தினால் நிச்சயமாக வராது.

தற்காப்பை உடைக்காதீர்கள்

மனத்தின் தற்காப்பு முறைகளைப் பிராய்டின் மகள் ஆன்னா பிராய்டு 1936இல் தொகுத்து விளக்கினார். ஒடுக்குதல், மறுத்தல், பிறர்மேல் ஏற்றுதல், இடம் மாற்றுதல், நியாயம் கற்பித்தல் என்ற பட்டியல் பட்டப்படிப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்ததே. நடைமுறையில் அந்தப் பட்டியலைவிடப் பெரிய உதவி உளச்சிகிச்சையாளர் டேவிட் மாலன் தம் நூல்களில் பயன்படுத்திய முக்கோணம். ஒரு முனையில் தற்காப்பு, மறுமுனையில் பதற்றம், மூன்றாவது முனையில் மறைந்திருக்கும் உணர்வு. அமர்வுக்குப் பின் குறிப்பேட்டில் இந்த மூன்று முனைகளையும் வரைந்து, தெரிந்ததை நிரப்புங்கள்; தெரியாத முனையை வெறுமையாகவே விடுங்கள்.

காட்பாடியில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், மூன்று பாடத்தில் தோற்றதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு தற்காப்பு. எதற்கு அஞ்சி அந்தச் சிரிப்பு என்றால், அழுதால் ஆலோசகர் தன்னைக் கையாலாகாதவன் என்று எண்ணுவார் என்ற பதற்றமாக இருக்கலாம். அதற்குக் கீழே, நிலத்தை அடகு வைத்துக் கல்லூரியில் சேர்த்த அப்பாமேல் இருக்கும் பயமோ, தனக்குப் பிடிக்காத படிப்பில் தள்ளினார் என்ற கோபமோ, இரண்டுமோ இருக்கலாம். பேச வேண்டிய வரிசை தற்காப்பிலிருந்து கீழ்நோக்கியது. "சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க, கேக்கிற எனக்கே கஷ்டமா இருக்கு" என்பதே முதல் நாளுக்குப் போதும். "ஏன் சிரிக்கிறாய்?" என்று கேட்டால் அது குற்றம் சாட்டுவதாகும், சிரிப்பு அடங்கிப்போகும், அதன் கீழே இருந்ததும் அடங்கிப்போகும்.

தற்காப்பு என்பது அந்த மனிதர் இதுவரை உயிரோடும் மானத்தோடும் இருப்பதற்குத் துணைநின்ற ஒன்று. வீட்டில் இன்னமும் அடி விழுந்துகொண்டிருக்கும் பெண்ணிடம், "எனக்குப் பழகிடுச்சு" என்ற அவருடைய உணர்வற்ற நிலையைக் கலைத்துவிட்டு மாலைப் பேருந்தில் அதே வீட்டுக்கு அனுப்புவது உதவி ஆகாது. முதலில் பாதுகாப்பு, பிறகே பொருள் தேடல்.

உங்களிடம் அவர் நடத்திக் காட்டும் உறவு

டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பாடத்தில் படித்த உணர்வுமாற்றம், இங்கே முதல் அமர்வின் முதல் வாக்கியத்திலேயே தொடங்கிவிடுகிறது. அக்கா, மேடம், டாக்டரம்மா, சார் என்று அவர் எப்படி அழைக்கிறார் என்பதிலேயே தம்மை எந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார் என்பது தெரிகிறது. டோரா என்ற பெயரில் பிராய்டு எழுதிய பதினெட்டு வயதுப் பெண், ஏறத்தாழ மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதை முறித்துக்கொண்டு போனார். தம்மேல் அவர் ஏற்றிய பழைய உணர்வுகளைத் தக்க நேரத்தில் கவனிக்கத் தவறியதாக 1905இல் வெளியான அறிக்கையில் பிராய்டே ஒப்புக்கொண்டார். ஆகவே திடீரென்று வராமல் நின்றுபோகிறவர்களைப் பற்றி யோசிக்கும்போது, கடைசி அமர்வில் நீங்கள் அவருக்கு யாராக ஆகியிருந்தீர்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் இருபத்தெட்டு வயது இளைஞரை எடுத்துக்கொள்வோம். திருமணத்துக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். சம்மதம் சொல்வதா வேண்டாமா என்று தூக்கம் வரவில்லை. அவர் கேட்கிறார்: "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க சார். நீங்க சொன்னா நான் அப்படியே செஞ்சிடறேன்."

ஆலோசகர் அறிவுரை கூறலாம், வந்தவரும் மகிழ்வார். "முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும்" என்று பாடப்புத்தக வாக்கியத்தைச் சொல்லலாம், கைவிட்டதாக எண்ணுவார். மூன்றாவது வழி ஒன்று உண்டு.

"நான் சொல்றேன், நீங்களும் செய்றீங்கன்னு வச்சுக்குவோம். அது சரியா வரலைன்னா அடுத்த வாரம் என்கிட்ட இன்னா சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன் சார்." சிறிது நேரம் கழித்து, "வரமாட்டேன்."

"வேற யார்கிட்டயாவது அப்படி இருந்திருக்கீங்களா?"

"நைனாகிட்ட பேசி ரெண்டு வருஷம் ஆகுது சார். ஒரே வீட்லதான் கீறோம்."

தந்தை சொன்ன வேலையில் சேர்ந்ததும், அது பிடிக்காதபோது சண்டை போடாமல் பேச்சை நிறுத்தியதும் அதன்பின் வெளிவரும். அறிவுரை கேட்ட அந்த ஒரு வாக்கியத்துக்குள் தந்தையும் மகனும் இருந்தார்கள். இதை அவரிடம் விளக்க வேண்டியதுகூட இல்லை, பல நேரங்களில் அவரே, "இங்கயும் அதையேதான் பண்றேன் இல்ல?" என்பார்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மேலைநாட்டு மரபில் ஆலோசகர் தம்மைப் பற்றி எதுவும் காட்டாமல் இருப்பது உயர்வாகக் கருதப்பட்டது. நம் மக்கள் எதிர்பார்ப்பது குருவைப் போன்ற ஒருவரை என்று மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகியும் உளப்பகுப்பாய்வாளர் சுதீர் கக்காரும் எழுதியிருக்கிறார்கள். வருகிறவர் முன்னால் பேசாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அவமதிப்பாகவே படும். "சாப்பிட்டீங்களா, பஸ் கெடச்சுதா?" என்று கேட்பதால் உளப்பகுப்பாய்வு கெட்டுவிடாது. நீங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்லுங்கள். அடுத்து, "அங்க எந்தத் தெரு?" என்று வரும். அது எதற்கான கேள்வி என்பது இந்த மாவட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அதற்குச் சினம் கொள்ளாமலும் பதில் சொல்லிவிடாமலும், "நான் எந்தத் தெருன்னு தெரிஞ்சா உங்களுக்கு என்கிட்ட எது சொல்றது சுலபமாகும், எது கஷ்டமாகும்?" என்று கேட்கலாம். சாதி மாறிக் காதலித்த பெண் அந்தக் கேள்வியைக் கேட்பதும், அவளை அழைத்து வந்த சித்தப்பா கேட்பதும் ஒன்றாகாது.

ஆலோசகருக்குள் எழுவது

வருகிறவரிடம் ஆலோசகருக்கு உண்டாகும் உணர்வுகளை முதலில் தடையாகவே கருதினார்கள். 1950இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன், அவ்வுணர்வுகளே வருகிறவரின் நனவிலி (அவரே அறியாத) மனத்தை அறிவதற்கான கருவி என்று வாதிட்டார். குறிப்பிட்ட ஒருவர் வரும் நாளில் மட்டும் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? ஒருவருக்கு மட்டும் கட்டணத்தைக் குறைத்தீர்களா? இன்னொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திக்கு மட்டும் இரவு பதினொரு மணிக்குப் பதில் போடுகிறீர்களா? இவற்றைக் குறிப்பேட்டில் தனிப் பத்தியாக எழுதுங்கள். எல்லாம் வருகிறவர் உண்டாக்கியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உங்கள் வீட்டில் காலையில் நடந்த சண்டையும் உங்கள் சாதி, மத வளர்ப்பும் அதில் கலந்திருக்கும். மூத்த ஆலோசகர் ஒருவரிடம் மாதம் இருமுறையாவது இந்தப் பத்தியைப் படித்துக் காட்டாமல் எது யாருடையது என்று பிரித்தறிவது கடினம். மேற்பார்வை இல்லாமல் இந்த முறையைக் கையாளக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது

1910இல் பிராய்டு ஒரு சிறு கட்டுரையில், பதற்றத்தோடு வந்த மணமுறிவுற்ற பெண்ணிடம் ஓர் இளம் மருத்துவர், பாலுறவுக் குறையே உன் நோய்க்குக் காரணம் என்று முகத்துக்கு நேரே சொன்னதையும், அதனால் அந்தப் பெண்ணின் பதற்றம் கூடியதையும் எழுதினார். பஞ்சக் காலத்தில் பசித்தவர்களுக்கு உணவுப் பட்டியலை விநியோகிப்பது எந்த அளவுக்குப் பசியை ஆற்றுமோ, காரணத்தை எடுத்துச் சொல்வதும் அந்த அளவுக்கே நோயை ஆற்றும் என்பது அவர் கருத்து.

எனவே விளக்கம் சொல்வதற்கு முன் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். வருகிறவரே அதற்கு மிக அருகில் வந்திருக்க வேண்டும். உங்கள்மேல் அவருக்கு ஓரளவு நம்பிக்கை ஏற்பட்டிருக்க வேண்டும். சொல்லும்போது ஒரே வாக்கியமாக, அவருடைய சொற்களிலேயே, தவறாக இருக்கலாம் என்ற இடம் வைத்துச் சொல்லுங்கள்: "எனக்கு இப்படித் தோணுது, சரியான்னு நீங்கதான் சொல்லணும்." நனவிலி, ஒடுக்கம் போன்ற சொற்கள் அந்த வாக்கியத்தில் வரவே கூடாது.

சொன்னது சரியா என்பதை எப்படி அறிவது? "ஆமாங்க சார்" என்பது சான்று ஆகாது. பெரியவர் சொன்னால் ஆமோதிப்பது நம் ஊர்ப் பண்பு. "இல்லை" என்பதும் சான்று ஆகாது. உங்கள் வாக்கியத்துக்குப் பின் புதிதாக ஒரு நினைவோ, இதுவரை வராத ஒருவரின் பெயரோ, கண்ணீரோ வந்தால் ஏதோ தொட்டிருக்கிறது. பேச்சு வறண்டு, மறுபடி தலைவலிக்கே திரும்பினால், தவறாகவோ முன்கூட்டியோ சொல்லிவிட்டீர்கள். அப்போது வாதாடாமல், "நான் சொன்னது ஒத்துவரல போல, நீங்க சொல்லிட்டிருந்ததையே சொல்லுங்க" என்று பின்வாங்குங்கள்.

கனவும் சாமியும்

கனவு சொன்னால் கேளுங்கள். நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். பாம்புக்கு இன்ன பொருள், பல் விழுந்தால் இன்ன பொருள் என்று சொல்வதற்குப் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் கனவுப் பலன் புத்தகமே போதும். கனவில் வந்த ஒவ்வொன்றையும் குறித்து அவருக்கு என்ன நினைவு வருகிறது என்பதே பிராய்டு கேட்ட கேள்வி.

அம்மன் வந்து ஆடுகிற பெண்களைப் பற்றி ஆலோசகர்களிடையே வீண் வாதம் நடப்பதுண்டு. ஆடித் திருவிழாவில் ஊரார் முன்னிலையில் ஆடி, கற்பூரம் ஏற்றியதும் அடங்குவது நோயன்று. திருவிழா இல்லாத நாளில், வீட்டுக்குள், குறிப்பிட்ட சிலர் இருக்கும்போது மட்டும் வந்து, அதனால் அவரும் வருந்துகிறார் என்றால், சாமி உண்மையா பொய்யா என்ற பேச்சை எடுக்காமல், "அம்மா வந்தா இன்னா சொல்றாங்க? யாரப் பார்த்துச் சொல்றாங்க?" என்று கேளுங்கள். மருமகள் வாயால் சொல்ல முடியாததை அம்மன் வாயால் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அவள் வாயாலேயே அதில் கால்பங்காவது சொல்வதற்கு இடம் உண்டாக்குவதே ஆலோசகரின் வேலை.

முடித்தல்

இத்தனை அமர்வு என்று முதலிலேயே சொல்லிவிட்டிருந்தால், கடைசிக்கு முந்திய மூன்று அமர்வுகளிலும் எத்தனை மீதி என்று நினைவுபடுத்துங்கள். போன தலைவலி திரும்ப வருவது அப்போதுதான். பயந்து அமர்வுகளை நீட்டிக்க வேண்டாம். பிரிவைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது என்று கொள்ளுங்கள். முன்பு யார் யாரைவிட்டுப் பிரிந்தார், எப்படிப் பிரிந்தார், சொல்லிக்கொண்டு போக முடிந்ததா என்று கேட்கலாம். வெளிநாட்டில் இறந்த கணவரின் உடலைப் பார்க்காதவருக்கும், ஒப்பாரி வைக்க விடாமல் ஊரடங்குக் காலத்தில் தாயை அடக்கம் செய்தவருக்கும் இந்தக் கடைசி அமர்வுகளே மிகவும் பயன்படுபவை. ஒரு பிரிவையாவது நாள் குறித்து, பேசி, விடைபெற்று நடத்த முடிகிறது.

கடைசி நாளில் ஆற்காடு மக்கன் பேடாவோ வீட்டுக் கொல்லை மாங்காயோ கொண்டுவருவார்கள். விலையுயர்ந்த பொருளோ பணமோ அல்லாதவரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அவர் உறவையே மறுத்ததாகக் கொள்வார். கல்யாணப் பத்திரிகை வைத்தால் நன்றி சொல்லிப் பெற்றுக்கொண்டு, மண்டபத்தில் உங்களை யாரென்று உறவினரிடம் சொல்ல விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டபின் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை வந்து போகச் சொல்லித் தேதியை எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு அவர் வராவிட்டால் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அதுவும் அவர் முன்பே அனுமதித்த எண்ணுக்கு மட்டும்.